தூண்டில் மீன்பிடிப்பின் வரம்புகளை நடைமுறைப்படுத்துவது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீன், இந்த நீளத்துக்குக் குறையாத மீன், இந்த மாதங்களில் மட்டும் என்று பல நாடுகளில் சட்டம் வரம்பு விதிக்கிறது; ஆனால் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் அடிக்கொரு காவலரை நிறுத்த முடியாது; அப்படியிருக்க, வரம்பை மீறுபவர்களையும் கள்ளத்தனமாகப் பிடித்து விற்பவர்களையும் எப்படித் தடுப்பது, அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தினால் போதாதா?

போதாது என்பதே என் பதில். மீறல் நடந்திருப்பது கரையில் ஓரிரு நிமிடங்களில் தெரிந்துவிடும்படி விதியை எழுதுவதும், பிடித்த மீன் காசாக மாறும் வழியை அடைப்பதும்தான் இந்தக் காவலின் பெரும்பகுதி. இவ்விரண்டும் சரியாக அமையாத இடத்தில் ஆட்களை எத்தனை சேர்த்தாலும், தண்டனையை எவ்வளவு கூட்டினாலும், ஏதோ ஒரு நாள் சிக்கிக்கொள்ளும் துரதிர்ஷ்டசாலிகள் மட்டுமே தண்டிக்கப்படுவார்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க, விதி எப்படி எழுதப்படுகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மீறுபவர்கள் ஒரே வகையினர் அல்லர். எந்த மீனுக்கு என்ன அளவு என்றே தெரியாமல் மீறுபவர்கள் இருக்கிறார்கள். விதிப்புத்தகம் பல பக்கங்களுக்கு நீண்டு, ஆண்டுதோறும் மாறி, அடுத்தடுத்த இரண்டு ஏரிகளுக்கே வெவ்வேறு அளவுகளைச் சொல்லும் இடங்களில் இவர்களின் எண்ணிக்கை மிகுதியாக இருக்கும். விதி நன்றாகத் தெரிந்திருந்தும், மீன் நன்றாகக் கடிக்கும் நாளில் கை நிற்க மனம் வராமல், “இன்னும் இரண்டுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்” என்று எடுப்பவர்கள் இன்னொரு வகையினர். பொழுதுபோக்கு உரிமத்தைத் திரையாக வைத்துக்கொண்டு விற்பனைக்காகவே பிடிப்பவர்கள் மூன்றாம் வகையினர். முதல் வகையினருக்கு வேண்டியது, அவர்களுக்குப் புரியும் மொழியில், படத்துடன், படகு இறங்கும் இடத்திலேயே வைக்கப்பட்ட அறிவிப்புப் பலகை. இரண்டாம் வகையினருக்கு வேண்டியது, இன்று சோதனை வரலாம் என்ற உண்மையான எண்ணம். மூன்றாம் வகையினரிடம் பலகையும் பலிக்காது, எப்போதாவது வரும் சோதனையும் பலிக்காது. அவர்களைத் தண்ணீரில் பிடிப்பதைவிடச் சந்தையில் பிடிப்பது எளிது. மூவருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் நிர்வாகம், அறியாமல் தவறியவரைக் குற்றவாளியாக்கி அவருடைய ஒத்துழைப்பையும் இழக்கிறது, தொழிலாகத் திருடுபவரையும் தப்பவிடுகிறது.

இப்போது விதியை எழுதும் முறைக்கு வருகிறேன். “இவ்வளவு நீளத்துக்குக் குறைந்த மீனை வைத்திருக்கக் கூடாது” என்ற ஒற்றை வரி எளிமையானதாகத் தோன்றும். ஆனால் நீளத்தை எங்கிருந்து எங்கு வரை அளப்பது? மூக்கு நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை அளப்பது ஒரு முறை. வால் நுனி வரை அளப்பது வேறொரு முறை. வால் நுனி வரை என்றாலும், வாலின் இரு மடல்களையும் விரலால் ஒன்றுசேர்த்து அழுத்தி அளந்தால் வரும் நீளம் ஒன்று, விரிந்த நிலையிலேயே அளந்தால் வரும் நீளம் இன்னொன்று. வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதாலும் சில மில்லிமீட்டர் மாறும். பனிக்கட்டியில் சில மணி நேரம் கிடந்த மீன் சற்றே சுருங்கும் என்பதால், காலையில் படகில் சரியாக இருந்த மீன் மாலையில் கரையில் குறைவாக நிற்கவும் கூடும். ஆகவே நல்ல விதி நீளத்தை மட்டும் சொல்லாது. வாயை மூடி, மூக்கு நுனி அளவுப்பலகையின் தலைப்பக்கக் கட்டையைத் தொடும்படி மீனைப் படுக்கவைத்து, வாலை எப்படிப் பிடித்து எங்கே படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லும். அதிகாரியும் பிடித்தவரும் ஒரே பலகையில் ஒரே முறையில் அளந்தால் வழக்கு நீதிமன்றம் வரை இழுபடுவதற்கான இடம் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் கடல் பாஸ் மீனுக்கான குறைந்தபட்ச அளவை 36 சென்டிமீட்டரிலிருந்து 42 சென்டிமீட்டராக உயர்த்தியது. இப்படி ஆறு சென்டிமீட்டர் மாறும்போது, முன்பு சட்டப்படி எடுத்துச்சென்ற மீனையே இப்போது திருப்பி விட வேண்டியவராகிறார் தூண்டிற்காரர். அந்த மாற்றம் அவர் கையில் உள்ள அளவுகோலில் வந்து சேரும் வரை விதி ஏட்டில்தான் இருக்கும்.

வரம்பைக் கரையிலேயே சரிபார்க்கும்படி எழுதுவதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, வடக்குக் கலிபோர்னியாவில் இருந்த சிவப்பு அபலோன் விதிமுறைகள். அபலோன் என்பது பாறையில் ஒட்டி வாழும், காது போன்ற ஒற்றை ஓடு கொண்ட நத்தையினம். அங்கே 1997-க்குப் பிறகு அது விற்பனைக்குப் பிடிக்கப்படாத, பொழுதுபோக்குக்காக மட்டும் எடுக்கப்பட்ட உயிரினம். காற்றுக்கலன் இல்லாமல் மூச்சை அடக்கித்தான் மூழ்க வேண்டும். ஓட்டின் குறுக்களவு ஏழு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று. அந்த ஏழு அங்குலத்தை அளக்கும் நிலையான இரு முனைகள் கொண்ட அளவுக் கவையைக் கையோடு கொண்டுசெல்வது கட்டாயம். ஆண்டு வரம்பு முதலில் 24 ஆக இருந்து, 2014-ல் 18 ஆகவும், 2017-ல் 12 ஆகவும் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு இத்தனை என்ற எண்ணிக்கையை ஒரு காவலர் எப்படிச் சரிபார்ப்பது? அதற்காக ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட ஒட்டுச்சீட்டுகள் கொண்ட அட்டை வழங்கப்பட்டது. நீரிலிருந்து வெளியே வந்தவுடன், சீட்டில் தேதியும் நேரமும் இடமும் எழுதி, அபலோனின் ஓட்டில் இயற்கையாகவே உள்ள மூச்சுத் துளைகளுள் ஒன்றின் வழியாக நூலைக் கோத்து அதைக் கட்டிவிட வேண்டும். சீட்டு இல்லாத அபலோன் பையில் இருந்தாலே குற்றம் முடிந்தது. எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்ற விசாரணைக்கே தேவையில்லை.

அதே விதிமுறையில் இன்னொரு கூறும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. பாறையிலிருந்து பெயர்த்த அபலோன் உரிய அளவில் இருந்தால் அதைப் பெயர்த்தவரே வைத்துக்கொள்ள வேண்டும், பெரியது கிடைத்தவுடன் முந்தையதைத் திருப்பி எறியக் கூடாது. இதற்கு உயிரியல் காரணம் இருக்கிறது: அபலோனின் இரத்தம் உறைவதில்லை, ஆகையால் பெயர்க்கும் இரும்பால் சதையில் ஏற்பட்ட காயமே பல சமயம் அதைக் கொன்றுவிடும். மீன்களிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஐந்து மீன் வரம்பு உள்ள இடத்தில் ஐந்தையும் பிடித்துவிட்டவர், ஆறாவதாகப் பெரிய மீன் கிடைத்ததும் ஐஸ் பெட்டியில் செத்துக் கிடக்கும் சிறியதைத் தூக்கி நீரில் போட்டுவிட்டுக் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்கிறார். கரைக்கு வரும்போது அவரிடம் ஐந்துதான் இருக்கும். செத்தவையோ ஏழோ எட்டோ. எண்ணிக்கை வரம்பை மட்டும் நம்பும் நிர்வாகத்துக்கு இந்த இழப்பு கண்ணிலேயே படாது.

இப்படிக் கண்ணில் படாத ஓட்டைகள் இன்னும் சில உண்டு. மீனைப் படகிலேயே தோலுரித்துச் சதைத் துண்டுகளாக்கிவிட்டால் அது எந்த மீன், என்ன நீளம், எத்தனை மீன்களின் சதை என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே கரை சேரும் வரை முழு மீனாக வைத்திருக்க வேண்டும், அல்லது துண்டில் அடையாளம் காணும் அளவுக்குத் தோல் விடப்பட வேண்டும் என்ற விதி இல்லாத இடத்தில் மற்ற எல்லா விதிகளும் பலமிழக்கின்றன. காலையில் வரம்பளவு பிடித்துக்கொண்டுபோய் வைத்துவிட்டு மதியம் மீண்டும் வந்து வரம்பளவு பிடிப்பவரை நாள் வரம்பு தடுக்காது. எந்த நேரத்திலும் ஒருவர் வசம், வீட்டிலும் வண்டியிலும் சேர்த்து, இத்தனைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இருப்பு வரம்பே தடுக்கும். படகில் ஐந்து பேர் ஏறி, மீன் பிடிக்கத் தெரிந்த ஒருவரே ஐவருக்கும் உரிய எண்ணிக்கையைப் பிடிப்பதும் இப்படித்தான். அவரவர் பிடித்ததை அவரவர் பையில் தனியாக வைக்க வேண்டும் என்ற ஒரு சிறு கட்டளை இதில் பாதியைச் சரிசெய்யும்.

மீறலுக்கான தடயம் பிடிபட்ட உயிரின் உடலிலேயே தெரியும்படி செய்யும் விதிகள் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தவை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சினை தாங்கிய பெண் சிங்கி இறாலைப் பிடிப்பவர்கள் அதன் வால் துடுப்பில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் ஒரு வெட்டுப் போட்டுக் கடலில் விட்டுவிடுகிறார்கள். அந்த வெட்டு உள்ள இறால் பிறகு சினை இல்லாமல் சிக்கினாலும் எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஓடு கழற்றி வளரும்போதும் அந்த வெட்டு சில முறை வரை மறையாமல் தெரியும். முட்டைகளைத் துடைத்தெடுத்துவிட்டு இறாலை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்கு வெளுப்புக் கரைசலைப் பயன்படுத்தினால் அதன் குளோரின் தடயத்தை ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடலாம். பிடித்தவரே இன்னொருவர் பார்வைக்கு அடையாளமிட்டு விடும் இந்த முறை, காவலர் இல்லாத நடுக்கடலிலும் வேலை செய்கிறது.

ஆனால் ஒவ்வொருவரும் விதியைக் கடைப்பிடித்தாலும் மொத்தம் மீறப்படலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. 2016 நவம்பர் 14 அன்று நியூசிலாந்தின் கைக்கோராவில் 7.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, கடற்பாறைகள் பெரும் நீளத்துக்கு நீருக்கு மேலே உயர்ந்தன. அங்கு ‘பாவா’ என்று அழைக்கப்படும் அபலோன் ஏராளமாக வெயிலில் செத்தது. பகுதி மூடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து என்ற வரம்போடு மூன்று மாதங்களுக்குத் திறக்கப்பட்டது. பொழுதுபோக்கு மீனவர்களுக்கென ஒதுக்கப்பட்டது 5 டன். அந்த மூன்று மாதங்களில் அவர்கள் எடுத்ததாக மதிப்பிடப்பட்டது ஏறத்தாழ 42 டன். வந்தவர்களுள் பெரும்பான்மையோர் சட்டப்படியே ஐந்தை எடுத்துக்கொண்டு போனவர்கள். தவறு என்னவென்றால், ஒருவருக்கு இத்தனை என்று விதித்த நிர்வாகம், எத்தனை பேர் வருவார்கள் என்பதற்கு எந்தத் தடையும் வைக்கவில்லை. கரை நெடுக நீந்தாமலே கைக்கு எட்டும் ஆழத்தில் ஐந்து ஆண்டுகள் யாரும் தொடாத பாவா இருக்கும்போது கூட்டம் வரத்தானே செய்யும்? அடுத்து 2023-ல் திறந்தபோது வரம்பு மூன்றாகக் குறைக்கப்பட்டது. காலமும் கோடையிலிருந்து நகர்த்தப்பட்டு, அங்கே குளிர் தொடங்கும் பருவமான ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை இரண்டு மாதங்களாக்கப்பட்டது. குளிர்ந்த நீர் வேலையில் பாதியைச் செய்தது என்று சொல்லலாம். காவலுக்கு ஆகும் செலவைக் குறைக்கும் திறமை இத்தகைய முடிவுகளில்தான் இருக்கிறது.

காலத்தைச் சுருக்கும் உத்தி மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை ஒட்டிய கடற்கரையில் அதன் கடைசி எல்லைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருக்கிறது. கோடையின் குறிப்பிட்ட சில சனிக்கிழமைகளில், காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை, ஒரே ஒரு மணி நேரம் மட்டும் அபலோன் எடுக்கலாம். உரிமம் கட்டாயம், ஒருவருக்குப் பதினைந்து. ஆண்டு முழுவதும் சிதறி நிற்க வேண்டிய காவலர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பாறைத்திட்டுகளில் கூடி நின்றால் போதும். மற்ற நேரத்தில் யார் கையில் அபலோன் இருந்தாலும் அது கேள்விக்குரியது. காவலுக்கு இது மிக வசதியான விதி. அதே வேளையில், ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அலை அடிக்கும் பாறைகளில் இறங்கி உயிரிழந்தவர்களும் உண்டு என்பதால், கடல் கொந்தளித்தால் அன்றைய பிடிப்பையே வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாடு அதோடு சேர்ந்தே இருக்க வேண்டியிருக்கிறது. காவலர் வசதிக்காக எழுதும் விதி மக்களை ஆபத்தில் தள்ளாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதை எழுதுபவரின் கடமை.

இனி விற்பனை. பொழுதுபோக்கு மீன்பிடிப்பை வணிக மீன்பிடிப்பிலிருந்து பிரிப்பது ஒரே ஒரு கோடு: பிடித்ததை விற்கக் கூடாது. பண்டமாற்றாகவும் கொடுக்கக் கூடாது. பல நாடுகளில் இந்தத் தடை சட்டத்தில் தெளிவாக இருக்கிறது; ஆனால் அதை யார்மேல் பாய்ச்சுவது என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. தூண்டில் பிடிப்பவர் நூற்றுக்கணக்கான இடங்களில் இருப்பார். வாங்குபவர்களோ ஒரு ஊரில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். சமையலறைக்குப் பின்கதவு வழியாக மீன் வாங்கும் உணவகம், ரசீது இல்லாமல் கொள்முதல் செய்யும் வியாபாரி, இணையத்தில் விளம்பரம் போடுபவர் ஆகியோரிடம் “இந்த மீன் எங்கிருந்து வந்தது, ரசீதைக் காட்டுங்கள்” என்று கேட்கும் அதிகாரமும், காட்ட முடியாவிட்டால் வாங்கியவரும் குற்றவாளி என்ற சட்டமும் இருந்தால், கரையில் நூறு இரவு விழித்திருந்து சாதிக்க முடியாததைப் பகலில் நான்கு கடைகளில் சாதிக்கலாம்.

இதை நேரில் காட்டியது அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் நடந்த ஒரு நடவடிக்கை. துடுப்பு போன்ற நீண்ட மூக்குடைய பேடில்ஃபிஷ் அங்கே வசந்த காலத்தில் ஆறு ஏறும் பெரிய மீன். ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு. பெண் மீன் முட்டையிடும் பருவத்தை எட்டவே ஏறத்தாழ எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். அணை கட்டப்பட்டு அதன் இயற்கையான முட்டையிடும் இடங்கள் மூழ்கிப்போனதால், ஓசேஜ் ஆற்றுப் பகுதியில் மாநில அரசு குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து விட்டுத்தான் அந்த இனத்தைக் காத்துவருகிறது. காஸ்பியன் கடல் ஸ்டர்ஜன் மீன்கள் அருகிப்போய் அவற்றின் கேவியர், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய முட்டை, கிடைப்பது அரிதானபோது, அதைப் போன்றே இருக்கும் பேடில்ஃபிஷ் முட்டைக்கு விலை ஏறியது. அதன்பின் வார்சா என்ற சிற்றூருக்கு வந்தவர்களுள் சிலருக்கு மீன் தேவைப்படவில்லை, வயிற்றில் இருக்கும் கரிய முட்டைதான் தேவைப்பட்டது. ஆகவே மாநில வனவிலங்குத் துறையும் கூட்டாட்சி மீன்–வனவிலங்குத் துறையும் சேர்ந்து 2011, 2012 வசந்த காலங்களில் தாங்களே ஆற்றங்கரையில் மீன்பிடிக்க வசதி செய்துதரும் ஒரு தொழிலை மாறுவேடத்தில் நடத்தின. முட்டை கேட்டு வந்தவர்கள் யார், எத்தனை பெண் மீன்களுக்கு விலை பேசினார்கள், முட்டையை எப்படிப் பதப்படுத்தினார்கள், எந்த மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் பதிவாயின. 2013 மார்ச்சில் ஒரே நேரத்தில் பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அந்த வழக்குகளுக்குப் பின்னால் நின்ற சட்டமும் கவனிக்கத்தக்கது. 1900-ல் இயற்றப்பட்ட லேசி சட்டம், ஒரு மாநிலத்தின் விதியை மீறி எடுத்த வனவிலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதையோ விற்பதையோ கூட்டாட்சிக் குற்றமாக்கியது. மீனுக்கு முதலில் 1926-ல் தனிச் சட்டம் வந்து, 1981-ல் அது லேசி சட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆற்றில் வரம்பை மீறியது சிறு குற்றமாக இருக்கலாம். அதே மீனின் முட்டை எல்லை தாண்டி விற்கப்பட்டவுடன் அது சிறைக்குரிய குற்றமாகிறது. கள்ளப் பிடிப்பைத் தொழிலாகச் செய்பவரை அஞ்சவைப்பது இந்த இரண்டாம் படிதான்.

தண்டனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிக்குவோம் என்ற நிச்சயம் இல்லாத இடத்தில் தண்டனையின் கடுமை பயன் தருவதில்லை. அபராதம் அளவுக்கு மீறிக் கடுமையாக இருந்தால் நீதிபதிகள் தீர்ப்பளிக்கத் தயங்குவார்கள், காவலர்களும் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். ஒரு மீன் அதிகமாக வைத்திருந்தவருக்கு அந்த இடத்திலேயே சிறு தொகை, மீண்டும் மீறினால் உரிமம் நிறுத்தம், விற்பனைக்காகப் பிடித்தவருக்குப் படகும் வண்டியும் கருவிகளும் பறிமுதல் என்று படிப்படியாக ஏறும் முறையே நடைமுறையில் நிற்கிறது. உரிமத்தை நிறுத்துவது ஓரிடத்தோடு நின்றுவிட்டால் அவர் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவார் என்பதால், 1989-ல் கொலராடோ, நெவாடா, ஓரிகன் ஆகிய மாநிலங்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன: ஒன்றில் நிறுத்தப்பட்ட உரிமம் மற்றவற்றிலும் செல்லாது. இன்று அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை அதில் சேர்ந்திருக்கின்றன. மீன்பிடிப்பை விரும்பும் ஒருவருக்குப் பணத்தைவிட, சில ஆண்டுகள் தூண்டிலைத் தொட முடியாது என்பதே பெரிய இழப்பு.

களத்தில் வேலை செய்யும் அதிகாரியின் கைத்திறனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல அதிகாரி படகை நோக்கி ஓடுவதில்லை. தூரத்திலிருந்து தொலைநோக்கியில் சற்று நேரம் பார்த்து, யார் பிடிக்கிறார், எத்தனை முறை குனிந்து பெட்டியைத் திறக்கிறார், எதையாவது புதரிலோ இருக்கைக்கு அடியிலோ வைக்கிறாரா என்று குறித்துக்கொள்கிறார். அருகில் வந்ததும் முதலில் “இன்று எத்தனை கிடைத்தது?” என்று இயல்பாகக் கேட்கிறார். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கிடைக்கும் அந்தப் பதிலுக்கும் பெட்டிக்குள் இருப்பதற்கும் உள்ள வேறுபாடே பாதி வழக்கை முடித்துவிடும். நீளமான கரையில் சுற்றிக்கொண்டிருப்பதைவிட, எல்லோரும் கடந்தே ஆக வேண்டிய படகுத்துறையிலோ பாலத்து முனையிலோ, முன்கூட்டிச் சொல்லாத நேரங்களில் நிற்பது பன்மடங்கு பலன் தரும். வெப்பப் படக்கருவிகளும் ட்ரோன்களும் இரவில் உதவுகின்றன. ஆயினும் எங்கே பார்ப்பது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவை வெறுமனே இருட்டைப் படம்பிடிக்கும்.

அந்த ஆள் பெரும்பாலும் மற்றொரு மீனவர். 1977-ல் நியூ மெக்சிகோ மாநிலம், பெயர் சொல்லாமல் தகவல் தருவதற்குத் தொலைபேசி எண்ணும், தகவல் பலித்தால் சன்மானமும் வைத்துத் தொடங்கிய திட்டத்தைப் பின்பற்றிப் பல மாநிலங்கள் இன்று இத்தகைய இணைப்புகளை நடத்துகின்றன. நியூசிலாந்தில் சம்பளமில்லாத கௌரவ மீன்வள அதிகாரிகள் பயிற்சி பெற்று, அதிகாரத்தோடு கரைகளில் சோதனை செய்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அமெரிக்காவில் 1950-ன் டிங்கல்–ஜான்சன் சட்டம் தூண்டில் கருவிகள் மீதான வரியை மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்கு ஒதுக்கியது. தான் கட்டும் கட்டணம் அந்த ஆற்றுக்கே திரும்புகிறது என்று தெரிந்த மீனவர்தான் தகவல் சொல்ல முன்வருகிறார். கட்டணம் பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடும் இடங்களில் இந்த ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மீறல் எவ்வளவு நடக்கிறது என்று எப்படி அறிவது என்பது கடினமான பகுதி. வழக்குகளின் எண்ணிக்கை எதையும் சொல்லாது. இந்த ஆண்டு வழக்குகள் கூடினால் மீறல் கூடியிருக்கலாம், ரோந்து கூடியிருக்கவும் கூடும். நேரடியாகக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இதற்குப் புள்ளியியலில் 1965 முதலே ஒரு வழி இருக்கிறது. மீனவர் கையில் ஒரு பகடையைக் கொடுத்து, கேட்பவர் பார்க்காதபடி உருட்டச் சொல்கிறார்கள்: ஒன்று விழுந்தால் உண்மை எதுவானாலும் “ஆம்” என்று சொல்ல வேண்டும், ஆறு விழுந்தால் “இல்லை”, மற்ற எண்கள் விழுந்தால் “இந்தப் பருவத்தில் வரம்பை மீறினீர்களா?” என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் “ஆம்” என்றால் அது பகடையாலா உண்மையாலா என்று எவருக்கும் தெரியாது. ஆனால் 600 பேரைக் கேட்டால் பகடையால் வந்த “ஆம்” ஏறத்தாழ 100 இருக்கும் என்பதால், மிகுதியிலிருந்து உண்மையான விகிதத்தைக் கணக்கிட்டுவிடலாம். வடக்குக் கலிபோர்னியா அபலோன் மீனவர்களிடமே இம்முறை பயன்படுத்தப்பட்டிருக்கிறது. எந்த விதி அதிகம் மீறப்படுகிறது என்று இப்படி அறிந்த பிறகு ரோந்தை அமைப்பதே முறை.

அப்படியானால் மொத்தமாகத் தடைசெய்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. உயிரினம் அழிவின் விளிம்பில் இருந்தால் வேறு வழியில்லை; வெப்ப அலையால் கடற்பாசிக் காடுகள் அழிந்து அபலோன் பட்டினி கிடந்தபோது கலிபோர்னியா 2018 முதல் மூடியது சரியான முடிவே. ஆனால் மூடுவது கள்ளப் பிடிப்புக்கு மருந்து அல்ல. தென்னாப்பிரிக்கா 2003-ல் பொழுதுபோக்கு அபலோன் பிடிப்பை மூடியது. வெளிநாட்டுச் சந்தையின் விலைக்காக, போதைப்பொருள் கும்பல்களோடு தொடர்புடைய கள்ளப் பிடிப்பு அதன் பின்னும் தொடர்ந்தது. உரிமம் பெற்று இறங்கும் மக்கள் கரையிலிருந்து விலகும்போது, அங்கே நடப்பதைப் பார்த்துச் சொல்லும் கண்களும் விலகிவிடுகின்றன. தலைமுறைகளாக அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் தங்கள் உரிமை ஒரே நாளில் பறிக்கப்பட்டதாக உணர்ந்தால், திருடுபவரைக் காட்டிக்கொடுக்கும் மனமும் அவர்களிடம் இருக்காது. வரம்புகளை முடிவு செய்யும் மேசையில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடைசியாக, கரையில் மீறலைக் காணும் ஒருவர் என்ன செய்யலாம் என்பது. எதிர்கொண்டு வாதிட வேண்டாம். விற்பனைக்காகப் பிடிப்பவர்கள் கூட்டமாக வருவார்கள், கையில் கத்தியும் இருக்கும். நேரம், இடம், எத்தனை பேர், படகின் பதிவு எண், வண்டி எண், மீனை எங்கே வைத்தார்கள், எந்தத் திசையில் போனார்கள் என்பவற்றை அப்போதே குறித்துக்கொண்டு, அவர்கள் கிளம்புவதற்கு முன்பே உரிய துறையின் எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மறுநாள் சொல்லும் தகவலால் அந்த மீன் திரும்பாது என்றாலும், ஒரே வண்டி எண் மூன்று வெவ்வேறு மீனவர்களிடமிருந்து வந்தால் அதிகாரிக்கு அது ஒரு வழக்கின் தொடக்கம். புகைப்படம் பாதுகாப்பாக எடுக்க முடிந்தால் எடுக்கலாம். ஆனால் அதை முதலில் சமூக ஊடகத்தில் போடுவது சம்பந்தப்பட்டவரை உஷார்ப்படுத்தும், மீன் மறைக்கப்படும், தவறான ஆளை ஊரே குற்றம் சாட்டவும் நேரலாம். படத்தைத் துறைக்கு அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சில வாரங்கள் கழித்து அந்த எண்ணைச் சொல்லி என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.